பாம்பு வேஷம் போட்ட மூக்காயி

ஆவாரங்காட்டுக் குளக்கரையில் மூக்காயி என்றொரு கீரி குடியிருந்தாள். மருதமரத்து வேருக்கடியில் அவளுடைய வளை. வளைக்குள்ளே வாசல் தாண்டத் தெரியாத குட்டிகள். வாசலில் அவளுடைய புருஷன் கருவாயன். போன கோடையில் ஒரு நல்லபாம்பு அவன் பின்னங்காலைப் பதம் பார்த்துவிட்டது. உயிர் தப்பியதே பெரிய காரியம். அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். வளைக்குள் பாம்பு புகுந்தால் அவனால் சத்தம் போட முடியும். சண்டை போட முடியாது.

ஆகவே குட்டிகளைக் காக்கும் பொறுப்பு இரண்டு பேர் தலையில் விழுந்தது. ஒருத்தி மூக்காயி. இன்னொருவன் அவளுடைய கொழுந்தன், கருவாயனின் தம்பி சூரப்பன்.

இந்தச் சூரப்பன்தான் அவளுக்கு வாய்த்த தலைவலி.

அந்தக் கரைக் கீரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெயில் ஏறத் தொடங்கினால் பாம்புகள் நடமாடும். அதனால் கோடை முழுக்க, இரை தேடப் போவதற்கு முன்னால், தினமும் காலையில் ஜோடி சேர்ந்து மோதிப் பழக வேண்டும். ஒருவர் பாம்பு, இன்னொருவர் கீரி. பாம்பாக இருப்பவர் முன்னங்கால்களை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொள்ள வேண்டும். பாம்புக்குத்தான் கால் கிடையாதே! மூக்கு நுனியால் மட்டும் கொத்தலாம். மூக்கு மேலே பட்டால் கீரி செத்தது. கீரி வந்து பாம்பின் பிடரியை மெதுவாகக் கவ்வினால் பாம்பு செத்தது. ஓர் ஆட்டம் முடிந்ததும் வேஷத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அவ்வளவுதான். இதில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை. சூரப்பனுக்கு மட்டும் புரியவே இல்லை.

"அண்ணி, நான்தான் கீரி!" என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வருவான்.

"நேத்தும் நீதானடா கீரி. இன்னிக்கி மாத்திக்குவோம்."

"எனக்குப் பாம்பு வேஷம் பொருந்தாது அண்ணி. நான் எப்படி நின்னாலும் கீரின்னு தெரிஞ்சுடுது!"

"ஏன், நான் மட்டும் பார்க்கப் பாம்பு மாதிரியா இருக்கேன்?"

"உங்களுக்கு மூக்கு நீளம் அண்ணி. நல்லாத்தான் இருக்கு."

ஒருநாள் அவள் பிடிவாதமாக அவனைப் பாம்பாக உட்கார வைத்தாள். அவன் உட்கார்ந்தான். அவள் பாய்ந்து வந்தாள். பளார் என்று ஓர் அறை விழுந்தது.

"டேய்! பாம்புக்கு ஏதுடா கை?"

"இது கை இல்ல அண்ணி, படம்! பாம்பு படமெடுக்காதா?"

"படத்தால யாராவது கன்னத்துல அறைவாங்களா?"

"நிஜப்பாம்பு என்னவெல்லாம் செய்யுமோ, யார் கண்டா!"

அன்றிலிருந்து அவனைப் பாம்பாக உட்கார வைக்கும் ஆசையை அவள் விட்டுவிட்டாள். தினமும் அவளே பாம்பு. கைகளை மடக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, வெயில் ஏற ஏற அவளே உட்கார்ந்திருந்தாள்.

சரி, அவன் கீரியாகவாவது ஒழுங்காக இருந்தானா? அதுவும் இல்லை. அவள் மூக்கு அவன் தோளில் நச்சென்று இடிக்கும்.

"பட்டுச்சு! செத்த!"

"படல!"

"தோள்லயே பட்டுச்சுடா! என் மூக்கு வலிக்குது!"

"முடியிலதான் பட்டுச்சு அண்ணி. எனக்கு முடி சிலுத்துக்கிட்டு நிக்குது பாருங்க. பாம்பு முடியைக் கடிச்சா விஷம் ஏறுமா? ஏறாது! வாங்க வாங்க!"

இதற்கு அவள் என்ன சொல்வாள்? கீரியின் முடி சிலிர்க்கும் என்பது உண்மை. பாம்பின் வாய் பல நேரம் வெறும் முடியைக் கவ்விவிட்டுப் போகும் என்பதும் உண்மை. ஆனால் அவனுக்கு மட்டும் எப்போதுமே முடியில்தான் பட்டது. தோளில் பட்டாலும் முடி, விலாவில் பட்டாலும் முடி. ஒருநாள் மூக்கிலேயே பட்டது. மூக்கில் முடி ஏது என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீசை!" என்றான்.

அதோடு, மெதுவாகக் கவ்வ வேண்டிய பிடரியை அவன் நிஜமாகவே கடித்து வைப்பான். அவள் கழுத்தில் பழைய புண் ஆறுவதற்குள் புதிய புண் வரும்.

"மெதுவா கவ்வணும்னுதான வழக்கம்?"

"வேகத்துல வந்துடுது அண்ணி. நீங்க நிஜப்பாம்பா இருந்தா இந்நேரம் உசுரு போயிருக்கும்!"

"நான் நிஜப்பாம்பு இல்லடா! உன் அண்ணி!"

இந்தக் கூத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் வேறு. கருவேல மரத்தில் தவிட்டுக்குருவிகள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். அவற்றுக்குப் பாம்பும் தெரியாது, கீரியும் தெரியாது. யாராவது ஜெயிக்க வேண்டும், அதைச் சொல்லிக் கத்த வேண்டும்.

"சூரப்பன் ஜெயிச்சான்! சூரப்பன் ஜெயிச்சான்!"

"எங்கடி ஜெயிச்சான்? நான் முதல்லயே தொட்டாச்சு!" என்று மூக்காயி மேலே பார்த்துக் கத்துவாள்.

"மூக்காயக்கா தோத்துட்டு அழறா! தோத்துட்டு அழறா!"

மூக்காயிக்கு ஒருகாலத்தில் மோதல் என்றால் உயிர். கருவாயனின் கால் நன்றாக இருந்த நாளில் அவர்கள் இருவரும் மோதினால் புழுதி அடங்கவே நேரமாகும். அவன் பட்டதைப் பட்டது என்பான். அவளும் அப்படியே. ஜெயித்தவரும் சிரிப்பார், தோற்றவரும் சிரிப்பார். விடிகிறபோதே அவளுக்குக் கால் பரபரக்கும். இப்போது விடிந்தால் வளையை விட்டு வெளியே வரவே மனம் வரவில்லை. ஐயோ, இன்றைக்கும் அவன் வருவானே என்று இருந்தது.

அவள் சாக்கு சொல்லத் தொடங்கினாள். ஒருநாள் கால் சுளுக்கு. ஒருநாள் சின்னக்குட்டிக்கு வயிறு சரியில்லை. ஒருநாள் நண்டு வேட்டைக்குச் சீக்கிரம் போக வேண்டும். சூரப்பன் விடவில்லை. வளை வாசலில் நின்று, "அண்ணி பயந்துட்டாங்க!" என்று குரல் கொடுத்தான்.

புருஷனிடம் முறையிட்டாள். கருவாயன் காலை நீட்டிக்கொண்டு சொன்னான்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன் மூக்காயி. சின்னப் பையன்."

"உங்க தம்பி வால் உங்க வாலைவிட நீளம். அவன் சின்னப் பையனா?"

"ஏதோ ஆர்வத்துல செய்யறான்..."

"அந்த ஆர்வத்துல என் கழுத்துல கால்வாசி இல்ல! கழுத்தைத் திருப்பிக் காட்டட்டுமா?"

"அனுசரிச்சுப் போன்னுதான் சொல்றேன்" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவனிடம் எதுவும் கிடையாது.

பொறுக்க முடியாமல் அவள் குளத்துப் படித்துறைக்குப் போனாள். அங்கே அவளுடைய சிநேகிதி பாசியம்மா இருந்தாள். பாசியம்மா ஓர் ஆமை. முதுகில் பாசி படர்ந்து, வெயில் காய்ந்துகொண்டு கிடந்தாள்.

"என்னடி, முகமெல்லாம் சிவந்து கிடக்கு?" என்றாள் பாசியம்மா.

"பாம்பா இருந்து இருந்து என் பொழப்பு போச்சுடி! உனக்கென்ன தெரியும்! கையை மடக்கிக்கிட்டு ஒரு தடவை கொத்திப் பாரு. தாடை போய்த் தரையில இடிக்கும். கையை ஊணாம அந்தத் தலையைத் திரும்பத் தூக்கறதுக்குள்ள கழுத்து விட்டுப் போகும். நாலு தடவை கொத்தினா அஞ்சாவது தடவை தலையே எழும்பாது!"

"அடப்பாவமே."

"அவன் எப்பப் பாரு இடப்பக்கம்தான் குதிப்பான். எங்க இறங்குவான்னு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். மூக்கை அங்க கொண்டுபோய் வச்சாப் போதும், அவனே வந்து இடிச்சுக்குவான்."

"அதை அவன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'ஜெயிக்கிறவன் எதுக்கு அண்ணி மாத்தணும்'ங்கறான்!"

பாசியம்மா நிதானமாக ஒரு கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்புறம் ஏன்டி மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க? அவன் பாஞ்ச உடனே விழுந்துடு. செத்தேன்னு சொல்லு. எழுந்து வீட்டுக்குப் போ. என்னையே எடுத்துக்கோ. யாராவது தொட்டாலே தலையை உள்ள இழுத்துக்குவேன். எனக்கு யாரோடவும் சண்டையும் இல்ல, சச்சரவும் இல்ல."

ஆமைக்கு அது சரியான யோசனை. ஆமைக்கு முதுகில் ஓடு இருக்கிறது. மூக்காயிக்கு ஓடு இல்லை என்பதை அந்த நேரத்தில் இருவருமே யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் சூரப்பன் வந்தான். மூக்காயி வேண்டா வெறுப்பாகக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒப்புக்கு ஒரு தடவை கொத்தினாள். அவன் வழக்கம்போல இடப்பக்கம் குதித்துப் பாய்ந்தான். அவன் வாய் பிடரிக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவள் தொப்பென்று சாய்ந்தாள்.

"செத்தேன்!"

சூரப்பனே திகைத்துப் போனான். "அதுக்குள்ளயா அண்ணி?"

"என்ன செய்யறது? உன் வேகம் அப்படி!"

தவிட்டுக்குருவிகள் கொண்டாடித் தீர்த்துவிட்டன. மூக்காயி புழுதியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் புதுக் காயம் இல்லை. தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்த வேண்டியிருக்கவில்லை. ஆஹா, இவ்வளவு சுலபமா! இத்தனை நாளும் இது தோன்றாமல் போயிற்றே என்று அவளுக்கு இருந்தது.

அதன் பிறகு தினமும் அதே கதைதான். அவன் பாய்வான், அவள் விழுவாள். சில நாள் அவன் பாய்வதற்கு முன்பே விழுந்துவிடுவாள். அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"என் நிழலைப் பார்த்தே விழுந்துட்டாங்க!" என்று குருவிகளிடம் பெருமையடித்தான்.

வீட்டில் அமைதி. கருவாயனுக்கு நிம்மதி. "பார்த்தியா, அனுசரிச்சுப் போனா எவ்வளவு நல்லது!" என்றான். காலையில் மோதப் போவது அவளுக்கு வளையைக் கூட்டிச் சுத்தம் செய்வதுபோல ஒரு வேலையாகிவிட்டது. செய்தோமா, முடித்தோமா, வந்தோமா. மனத்துக்குள் மட்டும் எங்கோ ஓர் உறுத்தல். பழைய பரபரப்பு போனது போனதுதான். அதை நினைத்தால் அழுகைகூட வந்தது.

சூரப்பனுக்கோ கால் தரையில் பாவவில்லை. நடக்கும்போதே மார்பை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தான். "எந்தப் பாம்பா இருந்தாலும் ஒரே பாய்ச்சல்தான்!" என்று எதிர்ப்பட்ட ஓணானிடமெல்லாம் சொன்னான்.

குளத்தின் மேல்கரையில் ஒரு பழைய கரையான் புற்று இருந்தது. வெகுகாலம் காலியாகக் கிடந்தது. அந்தக் கோடையில் அதற்குள் ஒரு நல்லபாம்பு வந்து குடியேறியது. யாருக்கும் தெரியாமல் உள்ளேயே இருந்தது. ஆனால் அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஒருநாள் உச்சிவெயிலில் மூக்காயி குளத்தோரச் சேற்றில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். தவிட்டுக்குருவிகள் மொத்தமாக வந்து நாணலில் இறங்கின.

"மூக்காயக்கா! மூக்காயக்கா! சங்கதி தெரியுமா?"

"போங்கடி அந்தப் பக்கம். நண்டு ஓடிடும்."

"மேல்கரைப் புற்றுல பாம்பு இருக்கு! சூரப்பனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கு!"

மூக்காயி நண்டை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினாள். "என்னது?"

ஒரு குருவி பாம்பு மாதிரி குரலை இழுத்துப் பேசிக் காட்டியது. "'தம்பி, தினமும் பார்க்கிறேன். அடடா, என்ன பாய்ச்சல்! இந்த மாதிரிக் கீரியை நான் பார்த்ததே இல்ல'ன்னு சொல்லிச்சு!"

இன்னொரு குருவி இடையில் புகுந்தது. "'உங்க அண்ணியெல்லாம் உனக்கு ஜோடியே இல்ல. அவ தொட்டாலே விழுந்துடறா. நிஜமான பாம்போட ஒரு தடவை ஆடித்தான் பாரேன்'ன்னு சொல்லிச்சு!"

"'தனியா வா, கூட்டம் வேண்டாம்'ன்னும் சொல்லிச்சு! அவனும் போயிட்டான்! நாங்க பார்க்கப் போறோம், நீயும் வர்றியா? சூரப்பன்தான் ஜெயிப்பான்!"

மூக்காயிக்குச் சட்டென்று புரிந்தது. தினமும் அவர்கள் மோதலைப் பார்த்த பாம்பு. அப்படியானால் அவன் எந்தப் பக்கம் குதிப்பான் என்பது அதற்குத் தெரியும். எங்கே இறங்குவான் என்பதும் தெரியும். ஒரே பாய்ச்சலில் எதிரி விழுந்துவிடும் என்று அவன் நம்புகிறான் என்பதும் தெரியும். அந்த நம்பிக்கையை அவனுக்கு யார் கொடுத்தது? அவள்தான் கொடுத்தாள். தினமும் காலையில், வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்பதற்காகக் கொடுத்தாள்.

சூரப்பன் போய்விட்டால்? வளை வாசலில் நொண்டிக் கருவாயன் மட்டும். உள்ளே குட்டிகள்.

"பாவி, பாவி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அவள் ஓடினாள். ஒழுங்காக மோதி எத்தனையோ நாளாயிற்று. மேடு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கால் கனத்தது. அதற்கும் சேர்த்துத் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

புற்றடியில் பாம்பு படமெடுத்து நின்றது. எதிரே சூரப்பன். மார்பை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றான்.

"சூரப்பா, நில்லு!"

அவன் நிற்கவில்லை. பாம்பை ஒருமுறை பார்த்தான். வழக்கம்போல இடப்பக்கம் குதித்தான். வழக்கம்போலப் பாய்ந்தான். பாய்ந்துவிட்டு, பாம்பு சாய்வதற்காக ஒரு கணம் காத்திருந்தான்!

பாம்பு ஏன் சாயப் போகிறது? அது நேரே அவன் இறங்கிய இடத்துக்குத் தலையைக் கொண்டுவந்தது. பல் அவன் காதைக் கீறிக்கொண்டு போனது. அவன் உருண்டு போய் ஒரு வேரில் முட்டிக்கொண்டான். பின்னால் போக இடமில்லை.

"இது... விழல!" என்றான் சூரப்பன். அவன் குரலில் அவ்வளவு ஆச்சரியம்.

பாம்பு சிரித்தது. "தம்பி, நீ எழுந்திரிக்க வேண்டாம். உன்னை முடிச்சுட்டு நேரா உங்க வளைக்குத்தான் போகணும். நொண்டி வாசலை மறிப்பானா என்ன?"

அதற்குள் மூக்காயி வந்து சேர்ந்தாள். பாம்பு தலையைத் திருப்பாமலே பேசியது.

"அடடே, பாம்பு வேஷக்காரி! உனக்கு விழ மட்டும்தான தெரியும்? விழு, விழு! நேரமாகுது!"

மூக்காயி பாம்பின் கழுத்தையே பார்த்தாள். அந்தக் கழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோடையில் பாதி நாள் அது அவளுடைய கழுத்தாகத்தானே இருந்தது!

"சூரப்பா! இப்ப கொத்தும்! வலப்பக்கம் குதி!"

"எனக்கு இடப்பக்கம்தான் அண்ணி வரும்!"

"செத்துப் போறப்பவும் எதிர்த்துப் பேசறியாடா? வலப்பக்கம் குதிடா!"

அவன் குதித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக வலப்பக்கம் குதித்தான். கோணல்மாணலாகத்தான் குதித்தான். ஆனால் பாம்பின் தலை, அவன் வழக்கமாக இறங்கும் இடத்தில் போய் வெறும் மண்ணில் இடித்தது.

"இப்ப தலை எழும்ப நேரமாகும்! ஓடி வா, என் பக்கம் வா!"

அவன் ஓடி வந்தான். மூக்காயி அவனைப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் முன்னே வந்தாள். முடியைச் சிலிர்த்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பாய வேண்டும் என்று அவள் அவசரப்படவில்லை. எட்டிப் பார்த்தாள், பின்னால் போனாள். பாம்பு கொத்தியது. மண். மறுபடி எட்டினாள். மறுபடி கொத்தியது. அவள் தோளில் பட்டது, நிஜமாகவே முடியில் மட்டும் பட்டது. அவள் நகர்ந்து நகர்ந்து அதைக் கொத்த வைத்துக்கொண்டே இருந்தாள்.

"கழுத்து வலிக்குதா?" என்று கேட்டாள். "எனக்கும் இப்படித்தான் வலிக்கும். இதுக்கு அடுத்த தடவை தலை எழும்பாது பாரு."

"வாயை மூடு!" என்று பாம்பு சீறிக் கொத்தியது. தாடை தரையில் இடித்தது. தலையைத் தூக்கப் பார்த்தது. ஊன்றிக்கொள்ளக் கையில்லாத உடம்பு. கழுத்து பாதியில் நின்று நடுங்கியது.

மூக்காயி பாய்ந்தாள். பிடரியைக் கவ்வினாள். இந்தத் தடவை மெதுவாகக் கவ்வவில்லை.

பாம்பு துடித்தது, சுருண்டது, அடங்கியது. தவிட்டுக்குருவிகள் கிளையில் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தன. ஒரே ஒரு குருவி மட்டும் மெல்ல, "யாரு ஜெயிச்சாங்கன்னு சொல்றது?" என்று பக்கத்துக் குருவியைக் கேட்டது.

சூரப்பனின் காது வீங்கிக்கொண்டு வந்தது. மூக்காயி அவனைத் தாங்கி வளைக்கு இழுத்து வந்தாள். வழியெல்லாம் அவன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தான்.

"அது ஏன் அண்ணி விழல? நீங்க விழுவீங்களே!"

மருதமரத்தடிக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"நான் பொய்யா விழுந்தேன்டா."

"எப்ப?"

"எப்பவுமே. இந்தக் கொஞ்ச நாளா தினமும் பொய்யாத்தான் விழுந்தேன். நீ ஒரு நாளும் ஜெயிக்கல."

அவன் முகம் தொங்கிவிட்டது. வீங்கிய காதோடு அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஏன் அண்ணி அப்படிச் செஞ்சீங்க? நான் செத்திருப்பேனே!"

"தெரியும்டா! ஓடி வர்றப்ப அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். தப்பு என் மேலதான்." பிறகு பழைய எரிச்சல் ஒரேயடியாகப் பொங்கியது. "ஆனா ஏன் செஞ்சேன்னு கேளு! பட்டதைப் படலன்னு சொன்ன. பாம்பா உட்காருன்னா கன்னத்துல அறைஞ்ச. கழுத்தைக் கடிச்சுக் குதறின. உன்கூட யாருடா ஆடுவா? எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா இந்த மோதல்! அதையே எனக்கு வெறுத்துப் போக வச்சுட்டியே!"

சூரப்பன் வாயைத் திறந்தான். "முடியிலதான்..." என்று பழக்கத்தில் ஏதோ சொல்ல வந்தான். காது விண்ணென்று தெறித்தது. வாயை மூடிக்கொண்டான்.

வாசலிலிருந்து கருவாயன் தொண்டையைச் செருமினான். "மூக்காயி, அவனும் பாவம், கொஞ்சம் அனு..."

மூக்காயி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்த வார்த்தையின் மிச்சம் அவன் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது.

சில நாள் சூரப்பன் வளைக்குள் சுருண்டு கிடந்தான். குட்டிகள் அவன் வீங்கிய காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. வீக்கம் வடிந்ததும் ஒருநாள் காலையில் எழுந்து வெளியே வந்தான். மூக்காயி வழக்கமாக மோதும் களத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவன் என்ன புது வம்பு கொண்டு வரப் போகிறானோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு சலிப்பு.

அவன் நடுவில் வந்து உட்கார்ந்தான். முன்னங்கால்களை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டான். கழுத்தை நீட்டினான்.

"வாங்க அண்ணி. நான் பாம்பு."

மூக்காயி பாய்ந்தாள். அவன் கொத்தினான். தாடை தரையில் இடித்து, "அம்மாடி!" என்றான். தலையைத் தூக்க முடியாமல் திணறினான். "இவ்வளவு கஷ்டமா அண்ணி?" என்றான். அவள் பிடரியை மெதுவாகத் தொட்டுவிட்டு விலகினாள். மறுபடி பாய்ந்தாள். இந்தத் தடவை அவன் காத்திருந்து, அவள் இறங்கும் இடம் பார்த்து, மூக்கைக் கொண்டுபோய் வைத்தான். அவள் தோளில் நச்சென்று இடித்தது.

"பட்டுச்சா அண்ணி?" என்று பயந்து பயந்து கேட்டான்.

குருவிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தன. மூக்காயிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முடியிலதான் பட்டுச்சு என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது! இவனுக்கு அது வேண்டியதுதான்! அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு களத்தில் வந்த சிரிப்பு.

"பட்டுச்சுடா. நல்லாவே பட்டுச்சு. நான் செத்தேன். எழுந்திரு, இப்ப நான் பாம்பு!"

அவள் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கால் பரபரத்தது.

பயிற்சியில் பொய்யாக ஜெயிப்பவரும், சலித்துப்போய்ப் பொய்யாகத் தோற்றுக்கொடுப்பவரும், நிஜமாக வரப்போகும் எதிரிக்குத்தான் துணை செய்கிறார்கள்.